ஒரு வாய்க் கஞ்சிக்கு எத்தனை மூச்சு

“அவ சத்தம் திரும்புமா சிஸ்டர்?”

“கழுத்துக் கட்டியை எடுக்கையில, தொண்டைக்குப் போற நரம்பு ஒண்ணு அடிபட்டுப்போச்சு அண்ணே. தினம் பழகினா சத்தம் கொஞ்சங்கொஞ்சமா வரும். அதுக்கு முன்ன, சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போகாமப் பாத்துக்கிடணும். கெட்டியான கஞ்சி குடுங்க. நாடியை நெஞ்சுப் பக்கமாத் தாழ்த்தி, மூச்சைப் பிடிச்சு விழுங்கி, உடனே இருமச் சொல்லுங்க. யாராவது எதிர உக்காந்து பாக்கணும். ஒரு மாசத்துல தேறலைன்னா மூக்கு வழியாக் குழாய்தான்.”

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய அன்று நர்ஸ் ஆக்னஸ் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட சிலுவை மறக்கவில்லை. மூச்சைப் பிடிப்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினைந்து வருஷமாகத் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவன்.

மனைவி பிலோமினாவின் வாயில் ஒரு கரண்டிக் கஞ்சியை வைத்தான். “மூக்கால இழு. நெஞ்சு நிறைய. இப்பப் பிடி!” விரல் மடக்கி எண்ணத் தொடங்கினான். முப்பது எண்ணிய பிறகுதான் விழுங்கவேண்டும் என்பது அவன் கணக்கு. அவள் இருபதுவரை கண்ணில் நீர் முட்ட அடக்கிப் பார்த்தாள். பிறகு தாங்காமல் காற்றை இழுக்க, கஞ்சியும் கூடவே மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறிற்று. மூன்று நாளில் கஞ்சியைக் கண்டாலே மிரண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்க்க வந்த ஆக்னஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏண்ணே, இவளைச் சங்கு குளிக்கவா அனுப்புதீய? விழுங்குற நேரம் பிடிச்சாப் போதும்!”

சிலுவை அசடு வழிந்தான். பிலோமினா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அப்புறம் கஞ்சி இறங்கத் தொடங்கியது. குரலுக்கும் பயிற்சி நடந்தது. அவன் உள்ளங்கைகளோடு தன் கைகளைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டே அவள் ‘ஆ’ சொல்லவேண்டும். அவன் வேண்டுமென்றே மல்லாக்க விழுவான்.

“ஏளா, அலை அடிச்சுக்கூட நான் இப்படி விழுந்ததில்ல!”

அவளுக்கு ஒன்று கேட்கவேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக, அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் தனியாகத்தான் அவள் சாப்பிட்டாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். இப்போது எதிரே உட்காருகிறான். ஆனால் தன் சாப்பாட்டை முடித்துவிட்டு, அவள் தொண்டையைக் காவல்காக்க. சத்தம் இருந்தபோது கேட்க வெட்கம். இப்போது வெட்கத்தைக் காணோம், சத்தமும் இல்லை. கை ஜாடையில் கேட்க மனம் வரவில்லை.

இருபத்து நாலாம் நாள் ஆக்னஸ் வந்து பார்த்து, குழாய் தேவையில்லை என்று சொல்லிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் கடலிலிருந்து வந்த சிலுவை கைகழுவிவிட்டு உட்கார்ந்தான். சோறு வரவில்லை. அவள் தன் கஞ்சியோடு எதிரே வந்து அமர்ந்தாள்.

“என்னளா, எனக்கு?”

பயிற்சியில் அவன் கைகளைத் தள்ளுவதுபோல, அவள் இரண்டு கைகளையும் தரையில் அழுத்தி ஊன்றினாள். கரகரத்து, ரெண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கி, குரல் வந்தது.

“உங்க பீங்கான் தட்டையும்... எடுத்துட்டு வாங்க. இனிமே... ரெண்டு பேரும்... சேந்து சாப்பிடுவோம்.”