திகதி போடாத சீல்

1

இந்தக் கதை ஒரு கையிலிருந்து வந்தது. கை என்னுடையதல்ல. கண்டியில் நான் போகும் மாலை நேர ஓவிய வகுப்பில் என் பக்கத்துக் கதிரை சஞ்சீவனியுடையது. பகலில் அவள் டாட்டூ குத்துகிறாள். கை அவளுடைய தம்பி சுதேஷுடையது.

(நான் குத்திக்கொள்ள மாட்டேன், மார்க்கத்தில் கூடாது. பார்ப்பதற்குத் தடையில்லை என்று நானே முடிவெடுத்தேன். உம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு கண்டி மாலையில் சஞ்சீவனி

விட்டுவிட்டேன். கண்டியில் மழை பெய்வது செய்தியல்ல.

இரண்டாம் தொடக்கம்: கலை என்பது தோலுக்கும் சமூகத்துக்கும் இடையிலான

இதுவும் வேண்டாம். எனக்கே விளங்கவில்லை.

3

சரி, நடந்தபடியே எழுதுகிறேன். நகரில் ஓர் இளைஞர் ஓவியக் கண்காட்சி வந்தது. மலையகத்துப் பெண்தானே என்று, ஏற்பாட்டாளர் சஞ்சீவனியிடம் தேயிலைக் கொழுந்து, கூடை, கண்ணீர் என்று ஏதாவது செய்யச் சொன்னார்.

"எங்கப்பா டவுன்ல கடை வச்சிருந்தாரு, சேர். தேயிலைய நான் பாக்கெட்டுலதான் பாத்திருக்கேன்" என்றாள்.

சுதேஷ் ஓர் அரச அலுவலகக் கவுண்டரில் வேலை செய்கிறான். கண்காட்சிக்கு என்ன வைப்பது என்ற யோசனை அவனுடையதுதான். "நாள் முழுக்க ஒரே வார்த்தையத்தான் சொல்றேன். கையில குத்திவிடுக்கா, வாயாவது மிஞ்சும்."

அவள் குத்திவிட்டாள். முன்கையில், ஊதா மையில், அசல் றப்பர் சீல் மாதிரி ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றி 'நாளைக்கு வாங்க'. நடுவில் திகதி போடும் இடம் காலி.

4

சுதேஷை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவனைச் சோம்பேறியாக எழுதினேன். பிறகு நல்லவனாக்கினேன்; அது இன்னும் மோசம். சில கோப்புகள் மேலதிகாரியிடம் தேங்கும், சில அவன் மேசையில் தேங்கும் என்பதுதான் உண்மை. கடுகண்ணாவை ஊரிலிருந்து வரும் அன்னலட்சுமி அம்மாவின் விதவை ஓய்வூதியக் கோப்பு அவன் மேசையில் இருந்தது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. இந்தப் பகிடி யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? கவுண்டருக்கு உள்ளே இருப்பவனையா, வெளியே நிற்பவரையா? வெளியே நிற்பவரை என்றால் என் சிநேகிதி தோற்றுப்போனாள்.

5

சனிக்கிழமை. வீதியைப் பார்த்த கண்காட்சி மண்டபம். ஒரு மேசை, நடுவில் ஓட்டை வைத்த கண்ணாடி, பின்னால் சுதேஷ். பார்க்க வருபவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்ததும் அவன் சட்டைக் கையை மடித்துக் காட்டுவான். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

சந்தைக்கு வந்த அன்னலட்சுமி அம்மா, வாசலால் சுதேஷையும் வரிசையையும் கண்டு, அலுவலகம் நடமாடும் சேவை நடத்துகிறது என்று நினைத்து வரிசையில் சேர்ந்துவிட்டார். கையில் சாமான் பை.

அவருடைய முறை வந்தபோது சுதேஷ் எழும்பப் பார்த்தான். சஞ்சீவனி அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் உட்கார்ந்தான். சட்டைக் கையை மடித்தான்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, வட்டத்தைச் சுற்றிப் படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"திகதி போடலையே, தம்பி."

மேசையில் கிடந்த பேனையை எடுத்தார். அவன் கையைப் பிடித்து, காலி இடத்தில் திங்கட்கிழமைத் திகதியை எழுதினார். "எட்டரைக்கு வர்றேன். கைய கழுவிறாதீங்க."

அப்போதுதான் மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். சுதேஷ் மட்டும் சிரிக்கவில்லை. என் சந்தேகம் அங்கே தீர்ந்தது.

படத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று ஏற்பாட்டாளர் பதறினார்.

"இல்ல, சேர். இப்பதான் முடிஞ்சுது" என்றாள் சஞ்சீவனி.

அவள் என் பக்கத்துக் கதிரைக்காரி என்று, அங்கே நின்ற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னேன்.

6

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் சுதேஷ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கவுண்டரில் உட்காருகிறான். மற்றதில் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான். இரண்டையும் வெட்டிவிட்டேன். இன்று ஞாயிறு. எனக்குத் தெரிந்தது சஞ்சீவனி போனில் சொன்னது மட்டும்தான்: நேற்றிலிருந்து அவன் குளிக்கவில்லை.

முடிவுக்காக நிற்கும் உங்களிடம் அந்த இரண்டு சொற்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவுண்டர் எட்டரைக்குத் திறக்கும். அன்னலட்சுமி அம்மாவுக்குப் பின்னால் நில்லுங்கள். அவன் கையைப் பாருங்கள்.