பிடிக்காத பிள்ளைகளுக்கான வரிசை

நீச்சல்குளத்து டிக்கெட் ஜன்னலில் வருஷக்கணக்காக உட்கார்ந்தால் யாரையும் நம்பத் தோன்றாது. நான்கு வயதுக்குக் கீழே இலவசம் என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறோம். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, "மூணு வயசுதான், கொஞ்சம் வளர்த்தி" என்று என் கண்ணைப் பார்த்தே சொல்கிறவர்கள் எங்கள் டூவூம்பா ஊரில் தாராளமாக இருக்கிறார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் நான் இப்போது சேர்ந்து வாழ்கிற ரஸ் காபிக் கோப்பையை உருட்டிக்கொண்டே, "மூணு வரிசை சீட்டு வெச்ச வண்டி ஒண்ணு எடுத்துடலாமா நரெல்?" என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவன் எதை மறைக்கிறான் என்றுதான் புத்தி போயிற்று.

வண்டி தேவைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ரஸ்ஸுக்கு மூன்று பிள்ளைகள். இண்டிக்கு எட்டு வயது. டெக்ஸும் லோலாவும் நான்கு வயது இரட்டையர். ஒரு வாரம் அவர்கள் அம்மா கிர்ஸ்டியிடம், ஒரு வாரம் எங்களிடம். எனக்கு ஒரே பையன் ஹேமிஷ், பதினொன்று முடிந்துவிட்டது. நவம்பரில் ரஸ்ஸோடு குடி வந்தோம். ஹேமிஷ் இன்னும் "ரஸ் வீடு" என்றுதான் சொல்வான். நானும் திருத்தியதில்லை.

என் சங்கடம் வேறு. ரஸ்ஸின் யோசனைப்படி என்னுடைய சின்ன வெள்ளை வண்டியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்க வேண்டும். ஹேமிஷின் அப்பா வீட்டிலிருந்து ஒரு மத்தியானம் பையனையும் இரண்டு பைகளையும் போட்டுக்கொண்டு நான் கிளம்பி வந்தது அந்த வெள்ளை வண்டியில்தான். அது வாசலில் நிற்கிறவரை, எந்த வீட்டிலிருந்தும் எந்த நிமிஷமும் கிளம்ப முடியும் என்று ஒரு தெம்பு. அதைக் கொடுத்துவிட்டால் நான் ரஸ்ஸை நம்பித்தான் ஆக வேண்டும். நம்பலாமா? அதைத்தான் ஒவ்வொரு ஷோரூமாக ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஷோரூமில் பலூன் கட்டி, வாசலில் சாசேஜ் வாட்டி ரொட்டியில் வைத்துச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் நால்வரும் வாயெல்லாம் தக்காளி சாஸாக நின்றபோது விற்பனைக்காரன் வண்டியின் டிக்கியைத் திறந்து, கடைசி வரிசை சீட்டைத் தட்டி நிமிர்த்தினான்.

"இந்த மூணாவது வரிசை எதுக்குத் தெரியுமா தலைவா? பிடிக்காத பிள்ளைங்களுக்குன்னே செஞ்சது!"

ரஸ் சிரித்தான். நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தான். ஹேமிஷும் சிரித்தான், ஆனால் அவன் ரஸ்ஸைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. நான் உள்ளே ஏறி மூன்றாவது வரிசை ஜன்னலோரம் கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

"என்ன தேடற?" என்றான் ரஸ்.

"பக்கவாட்டு ஏர்பேக் இதுவரைக்கும் வருதான்னு பாக்கறேன்."

விற்பனைக்காரன், "கிட்டத்தட்ட வரும்" என்றான். கிட்டத்தட்டவாம்! இடிக்கிறவன் கிட்டத்தட்டவா இடிப்பான்?

இரண்டு வாரம் கழித்து, பிள்ளைகள் மறுபடி எங்களிடம் இருந்த சனிக்கிழமை, இரண்டாவது ஷோரூம். அங்கே இருந்தவன் பெயர் பிரென்ட். என் பெயரைத் தெரிந்துகொண்ட நிமிஷத்திலிருந்து வாய்க்கு வாய் நரெல், நரெல் என்று ஜபிக்க ஆரம்பித்துவிட்டான். இரட்டையருக்குச் சட்டப்படி தனிச் சீட்டு கட்ட வேண்டும்; அதன் முதுகுப் பட்டையை மாட்டுகிற கொக்கி அந்த வண்டியில் நடு வரிசையில் மட்டும்தான் இருந்தது. பிரென்ட் இரண்டு ஜன்னலோரமும் இரண்டு குழந்தைச் சீட்டைக் கட்டினான். நடுவில் இண்டி தாவி ஏறிக்கொண்டாள். குழந்தைச் சீட்டு கட்டிய இருக்கை மடங்காது. அப்படியென்றால் ஹேமிஷ் எப்படிப் பின்னால் போவான்?

"அதுக்கென்ன நரெல், டிக்கி வழியா ஏறிக்கட்டும். பசங்களுக்கு ஜாலியா இருக்கும். பிடிக்காத பிள்ளைங்களுக்குன்னே செஞ்ச வரிசைதானே!"

அதே நகைச்சுவை. எல்லோருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. ரஸ் இந்த முறையும் சிரித்தான், கொஞ்சம் குறைவாக. என் பையன் டிக்கியில் முழங்காலை வைத்து, சீட்டின் முதுகைத் தாண்டி உள்ளே விழுந்தான். நாயை ஏற்றுகிற மாதிரி. ரஸ்ஸின் மூன்று பேரும் சொகுசாக நடுவில், என்னுடையவன் மளிகைச் சாமான் வைக்கிற இடத்தில். என் வாயில் வந்ததை அத்தனை பிள்ளைகள் முன்னால் சொல்ல முடியவில்லை.

ஓட்டிப் பார்க்க அந்த வண்டியில் மலைச்சாலையில் கீழே இறங்கினோம். பிப்ரவரி, எங்கள் ஊரில் கோடை வெயில். முன்னால் லாரிகள் பிரேக் கருகிய வாடையோடு ஊர்ந்துகொண்டிருந்தன. ரஸ் கண்ணாடியில் பார்த்து, "பின்னாடி எப்படிடா இருக்கு?" என்றான்.

"பிரச்சினை இல்ல" என்றான் ஹேமிஷ்.

எங்கள் ஊரில் கால் முறிந்து கிடப்பவனும் அதைத்தான் சொல்வான். கூரையை ஆலங்கட்டி பொத்தலாக்கிவிட்டுப் போனாலும் பிரச்சினை இல்லை, பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனாலும் பிரச்சினை இல்லை. மேலே திரும்பி வந்து இறங்கியபோது பையன் உதடு வெளுத்திருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தான்.

"அவன் மூஞ்சியப் பாத்தியா?" என்றேன் ரஸ்ஸிடம்.

"அவனே பிரச்சினை இல்லங்கறானே நரெல்."

அதோடு முடித்துவிட்டான். இவ்வளவுதானா இவன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தன் பிள்ளை அப்படி வெளுத்திருந்தால் விட்டிருப்பானா?

அந்த வாரமே இன்னொன்றும் காதில் விழுந்தது. துணி காயப்போடப் போனேன். கார் நிறுத்துகிற கொட்டகையில் ரஸ், பூட்ஸில் ஒட்டிய செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"பின்னாடிதான். பேச்சே இல்ல. தெரியும், ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். அப்புறம் பழகிடும்... இல்ல கிர்ஸ்டி, முடிவு பண்ணியாச்சு."

பழகிடும். என் பையன்தான், வேறு யார்? பழைய பெண்டாட்டியோடு சேர்ந்து என் பிள்ளைக்கு இடம் ஒதுக்குகிறான். ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான், எனக்குத் தெரியும். பேசட்டும், கையெழுத்துப் போடுகிற நேரம் வரட்டும், எல்லார் முன்னாலும் "என் வண்டியைக் கொடுக்க முடியாது, நாங்கள் கிளம்புகிறோம்" என்று சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

மறு சனிக்கிழமை பிரென்டிடமே திரும்பப் போனோம். கிர்ஸ்டியின் வாரம், அதனால் நாங்கள் மூவர் மட்டும், என் வெள்ளை வண்டியில். வெளியேறத் தோதாக, முகப்பு சாலையைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். சாவியை ஜீன்ஸ் பைக்குள் இறுகப் பிடித்திருந்தேன்.

"இன்னிக்கு முடிச்சுடலாமா நரெல்?" என்று பிரென்ட் கையைத் தேய்த்தான்.

"இன்னொரு ரவுண்டு போய்ட்டு வரோம்" என்றான் ரஸ். வீட்டிலிருந்து கொண்டுவந்த இரட்டையரின் சீட்டுகளைப் போன வாரம் போலவே கட்டினான். பிறகு வண்டியைச் சுற்றி வந்து புதுச் சாவியை என்னிடம் கொடுத்தான். "நீ ஓட்டு. ஹேமிஷ், நீ முன்னாடி ஏறு."

"நீ?"

ரஸ் கான்கிரீட் போடுகிறவன். ஆறடிக்கு மேலே எவ்வளவோ இருக்கிறான். அவன் டிக்கியைத் திறந்து, ஒரு முழங்காலைத் தூக்கி வைத்து, தலையை இடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் முழுங்கி, மூன்றாவது வரிசைக்குள் போய் விழுந்தான். முழங்கால் இரண்டும் காதுக்கு அருகே இருந்தன. என்ன நாடகம் இது என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. தான் ஒருமுறை உட்கார்ந்து காட்டிவிட்டால் அப்புறம் நாங்கள் வாயைத் திறக்க முடியாதே!

மலைச்சாலையில் இறங்கினேன். வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத்தான் வளைத்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் கண்ணாடியில் பார்த்துக் கேட்டேன். "எப்படி இருக்கு?"

"பிரச்சினை இல்ல!" என்று பின்னாலிருந்து நசுங்கிய குரல் வந்தது.

ஹேமிஷுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது. "பொய்! ரஸ், பொய் சொல்ற! அங்க காத்தே வராது."

"வருதுடா, லேசா."

"அது வெறும் ஓட்டை. கைய வெச்சுப் பாரு. கால் மரத்துப் போகும் பாரு. அடுத்த வளைவுல குமட்டும். அன்னிக்கு எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன்."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல?" என்றான் ரஸ்.

ஹேமிஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "சொன்னா அம்மா கோவப்படுவாங்க. வண்டி வேணாம்பாங்க. அப்புறம் நீயும் வேணாம்பாங்க. வெள்ள வண்டில எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டுக் கிளம்பிடுவோம், முன்ன மாதிரி."

அடப்பாவி. நான் மூன்று வாரமாக ரஸ்ஸையே வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் என்னை வேவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கடைசி வரிசையில் அவனைத் தள்ளிவிடுவார்களோ என்று நான் பயந்தேன். அவனுக்கு அந்தப் பயமே இல்லை, நான் அவனை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்பதுதான் பயம். லாரி நிறுத்தும் இடம் ஒன்று வந்ததும் ஓரம் கட்டி நிறுத்தினேன்.

ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? திரும்பி உட்கார்ந்து கேட்டேன். "கிர்ஸ்டிகிட்ட யாரப் பத்திப் பேசின? பின்னாடிதான், பழகிடும்னு?"

"இண்டியப் பத்தி!" அவன் நிமிரப் பார்த்துக் கூரையில் இன்னொரு முறை இடித்துக்கொண்டான். "வேற யாரு? மூணு பேரும் நடுவுல, இவன் மட்டும் ஒத்தையா பின்னாடியா? இண்டியும் இவனும் பின்னாடி உக்காரட்டும்னேன். பொண்ணு அழுவான்னு கிர்ஸ்டி ஒரு வாரமா என் உயிர வாங்கறா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? என்னைப் பாக்கற பார்வையே டிக்கெட் ஜன்னல்ல வயசு கேக்கற மாதிரி இருக்கு. யாருக்கு வாய் திறக்கத் தோணும்?" பிறகு குரல் இறங்கியது. "ஆனா போன வாரம் அவன் மூஞ்சிய நான் சரியாப் பாக்கல. அது தப்புதான். நரெல், கொஞ்சம் மெதுவாத் திரும்பிப் போ. நெஜமாவே குமட்டுது."

ஹேமிஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

ஷோரூமில் டிக்கியைத் திறந்தால் ரஸ் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டான். ஹேமிஷ்தான் அவன் இரண்டு கையையும் பிடித்து, "தலைய இறக்கு, இப்ப எடது கால்" என்று இழுத்து எடுத்தான். பிரென்ட் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"எப்படித் தம்பி, சூப்பரா இருந்துச்சா?"

ஹேமிஷ் என்னைப் பார்த்தான். ரஸ்ஸைப் பார்த்தான்.

"நல்லா இல்ல" என்றான். "பின்னாடி காத்து வரல. வாந்தி வருது."

விற்பனைக்கு நிறுத்திய வண்டியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் விற்பவன் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வதில்லை. பிரென்ட் உதவிக்கு ரஸ் பக்கம் திரும்பினான்.

"அதான் பையன் சொல்லிட்டானே" என்றான் ரஸ், வெளுத்த முகத்தோடு. குழந்தைச் சீட்டுகளை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

அன்றே, நாலு கட்டடம் தள்ளி இருந்த அடுத்த ஷோரூமுக்கு என் வண்டியிலேயே போனோம். அங்கே இரட்டையரின் சீட்டுகளை அடுத்தடுத்து நெருக்கிக் கட்ட முடிந்தது. நடைபாதைப் பக்கமாக இறங்குகிற ஜன்னலோர இருக்கை மடங்கி வழிவிட்டது, டிக்கி வழியாக யாரும் ஏற வேண்டாம். நான் கூரையைத் தட்டினேன். ஏர்பேக் என்ற எழுத்து கடைசி ஜன்னல் தாண்டி இருந்தது. நகத்தால் சுரண்டியும் பார்த்தேன், ஒட்டின தாள் இல்லை. மலைச்சாலையில் மூன்று பேரும் மாறி மாறிப் பின்னால் உட்கார்ந்து வந்தோம். ஹேமிஷ் கையை நீட்டிக் காற்றைச் சோதித்தான்.

திரும்பி வந்து நின்றதும் விற்பனைக்கார அம்மாள் டிக்கியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தாள். "இந்தக் கடைசி வரிசை இருக்கே, பிடிக்காத பிள்ளைங்களுக்குன்னே..."

"இல்லல்ல" என்று ஹேமிஷ் குறுக்கே விழுந்தான். "எங்க வீட்டுல அது ரஸ் சீட்டு."

ரஸ் மறுபக்கம் திரும்பி டயரைப் பார்க்க ஆரம்பித்தான். டயரில் பார்க்க ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும். எங்க வீட்டுல என்று பையன் சொன்னதை அவனும் கேட்டிருக்கிறான்.

"வெளிய நிக்குதே வெள்ளை வண்டி, அதையும் குடுக்கறீங்களா?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டாள்.

நான் பைக்குள்ளிருந்து சாவியை எடுத்தேன். பின் சீட்டில் பையனின் கால்பந்து பூட்ஸ் கிடக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, அவள் கையில் கொடுத்தேன்.