பலமுறை பகிரப்பட்டது

லோகேஸ்வரி போனை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

“எலுமிச்சைச் சாறு, மூக்குல ரெண்டே சொட்டு. நுரையீரல் கழுவிவிட்ட மாதிரி ஆயிடும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓடாதீங்க...”

பேசியவருக்கு நடுவில் இருமல் வந்தது. வகுப்பு சிரித்தது.

வீட்டுக்கு வந்த பொய்ச் செய்தி ஒன்றைக் கொண்டுவரும்படி இரண்டாமாண்டு வேதியியல் மாணவர்களிடம் சொன்னவள் ஹைமாவதிதான். ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்திலுள்ள அந்தக் கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்தை அவள் கேட்டு வாங்கி நடத்துவாள். எத்தனையோ குரல்கள் வந்திருக்கின்றன. கணவன் ஜோகாராவின் குரல் வருமென்று அவள் நினைத்ததில்லை. கொரோனா சமயத்தில் சொந்தக்காரர்களுக்காக அவன் பதிவுசெய்தது. அது எங்கெல்லாம் சுற்றியதோ, இப்போது லோகேஸ்வரியின் பெரியப்பா அனுப்பியிருக்கிறார்.

பதிவு முடியும் இடத்தில் குக்கர் விசில் அடித்தது. தூரத்தில் ஒரு பெண் குரல்: “ஏமண்டி, பப்புச்சோறு ஆறிப்போகுது! பேசினது போதும், வாங்க!”

மறுபடி சிரிப்பு.

“சரி, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?” என்றாள் ஹைமாவதி. குரல் உடையவில்லை.

“எலுமிச்சை அமிலம் மேடம். மூக்குல விட்டா சவ்வு எரியும். நுரையீரலுக்கு ஒரு நன்மையும் இல்ல,” என்றான் மணிதீப். “அதோட இந்த ஆளு ஃபிராடு. ஏதோ விக்கப் பாக்கறான்.”

“முதல்ல சொன்னது சரி. ரெண்டாவதுக்கு என்ன ஆதாரம்?”

“ஆதாரமா? குரலே சொல்லுது மேடம்!”

“எதையும் விக்கல. நம்பிப் பேசினாரு. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ரொம்ப லேட்டு. செத்துப்போனாரு.”

“உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

ஹைமாவதி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“சாப்பிடக் கூப்பிட்டது நான்தான்.”

மணிதீப் தலையைக் குனிந்துகொண்டான். ஜோகாராவின் குரல் ஹைமாவதியிடம் வேறெந்தப் பதிவிலும் இல்லை. அவனுடைய பழைய போன் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துபோயிருந்தது.

லோகேஸ்வரி போனைக் கையில் எடுத்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

“பொய்னு தெரிஞ்சா அப்பவே அழிச்சிடணும்னு சொல்லுவீங்களே மேடம்... அழிச்சிடட்டுமா?”

ஹைமாவதி அவள் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். நாற்பது முகங்களும் ஹைமாவதியையே பார்த்தன. லோகேஸ்வரியின் பெருவிரல் திரைக்குச் சற்று மேலே, தொடாமல், நின்றிருந்தது.