முயல் நிற்காத நாள்

என் அக்கா செலகாட் ஒரு முயல். மாரத்தானில் மற்றவர்களுக்கு முன்னால் சீரான வேகத்தில் ஓடிக்கொடுத்துவிட்டு, முப்பதாவது கிலோமீட்டரில் ஓரமாக ஒதுங்கிவிடும் ஆளை, கென்யாவில் எங்கள் ஊரான இட்டேனில் அப்படித்தான் சொல்வோம். அக்காவின் பின்னால் ஓடியவர்கள் எத்தனையோ பேர் ஜெயித்தார்கள். அவள் மட்டும் இதுவரை முடிவுக்கோட்டைப் பார்த்ததில்லை.

இந்த ஏப்ரலில்தான் முழுத்தூரமும் ஓட அவளுக்கு முதல்முறையாக இடம் கிடைத்திருந்தது. அதற்குள் கொரோனா வந்தது. பந்தயம் ரத்தானது. கூட்டமாக ஓடினால் போலீஸ் பிடித்தது. விடியும்போதே காலடிகள் தடதடக்கும் செம்மண் சாலையில் ஆடுகள் படுத்துக் கிடந்தன.

"பந்தய நாளன்னைக்கு நான் இங்கயே ஓடப்போறேன்" என்றாள் அக்கா.

"மெடல் குடுக்க ஆளில்ல. எதுக்குடி உசுர விடுறே?" என்றாள் அம்மா.

"முப்பதுக்கு அப்புறம் என் காலு என்ன சொல்லுதுன்னு தெரியணும்மா. தெரியலன்னா அடுத்த வருஷமும் நான் முயல்தான்."

அவளோடு பயிற்சி செய்யும் கிமையோ ஒரு வழி கண்டுபிடித்தான். சாலையோர வீட்டு ஓட்டக்காரர்கள் அவரவர் வாசலில் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவராக, அக்காவுக்கு முன்னால் இடைவெளி விட்டு, அடுத்தவர் வாசல்வரை ஓட வேண்டும்.

"இத்தன நாளா நீ எங்களுக்கு ஓடுனே. இன்னைக்கு நாங்க முயலு" என்றான்.

பூட்டிக்கிடந்த டீக்கடைதான் முப்பதாவது கிலோமீட்டர்; முடிவுக்கோடு எங்கள் வீட்டு வாசல். அங்கே தண்ணீர் வைப்பது என் வேலை. பள்ளியை விட்டு வீட்டோடு இருக்கும் எனக்கு, யாரோடும் பேசவேண்டாத வேலை.

கிமையோ முதலில் வந்து சேர்ந்து, குனிந்து இருமினான். "கொரோனா இல்ல! ஒங்கக்கா வேகம்! அடுத்து ஓட வேண்டிய ஜெரோப் எங்க?"

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஜெரோப் கத்தினாள். "அப்பாவுக்குக் காய்ச்சல்! நான் வெளிய வரக்கூடாது!"

அக்கா வந்தாள். முன்னால் யாருமில்லை. டீக்கடையைக் கண்டதும் அவள் கால்கள் தாமாகவே புல்பக்கம் திரும்பின. நின்றுவிட்டாள். விரல்கள் வழக்கம்போல் மார்பில் பந்தய எண் அட்டையின் ஊசியைத் தேடின, கழற்றுவதற்கு. அட்டையே இல்லை.

"அவ்வளவுதான்" என்றாள் மெல்ல.

கிமையோவுக்கு நிமிரவே முடியவில்லை. நான் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு, பாவாடையைத் தூக்கிக்கொண்டு, ரப்பர் செருப்போடு சாலையில் ஓட ஆரம்பித்தேன்.

"வாக்கா!" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பின்னால் சிரிப்புக் கேட்டது. காலடியும் கேட்டது. "ஏண்டி, ஒனக்கு ஆமையே மேல்!"

"அப்போ என்னத் தாண்டிப் போ!"

தாண்டினாள். மேட்டில் அவள் முதுகு ஆடாமல் அசையாமல் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனி முன்னால் யாரும் வேண்டியிருக்கவில்லை.

நான் சோளக்காட்டைக் குறுக்கே கடந்து வீடு சேர்ந்தபோது, அம்மா சுரைக்குடுக்கையில் முர்சிக்கோடு வாசலில் நின்றிருந்தாள். ஜெயித்து வருபவர்களுக்குக் கொடுக்கும் புளித்த பால். வேலிக்கு வேலி ஆட்கள் தள்ளித் தள்ளி நின்று கைதட்டினார்கள். அக்கா வாசலைத் தொட்டுவிட்டு, உட்காராமல் குடித்தாள்.

"என்னடி சொல்லுச்சு காலு?"

"வலிக்குதுன்னுச்சு. நிக்கச் சொல்லல." வாயைத் துடைத்தாள். "கிமையோகிட்ட சொல்லும்மா, அடுத்த வருஷத்துக்கு வேற முயலப் பாத்துக்கட்டும்."