பச்சை மை

புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்குச் சர்வர் அறைப் பதிவேட்டில் நான்கு பெயர்கள் இருந்தன. ஸ்ரீநிவாசராகவன், துணை மேலாளர், நிரந்தரம். ஹெப்சி, சிஸ்டம் அட்மின், ஒப்பந்தம். ஜீவானந்தம், வாசல் காவல், ஒப்பந்தம். கன்னியம்மா, துப்புரவு, ஒப்பந்தம். கன்னியம்மாவுக்கு எழுதத் தெரியும். ஆனால் துப்புரவுப் பணியாளர் என்றால் பெருவிரல் ரேகை என்று படிவத்தில் அச்சடித்திருந்தது. விரலை மையில் ஒற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

அறையில் ஜன்னல் இல்லை. இணையமும் இல்லை. மறைமலை நகரில் ராணுவ வண்டிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற யூனிட் அது. அதன் நெட்வொர்க் அந்தக் கட்டடத்துக்குள் தொடங்கி அந்தக் கட்டடத்துக்குள்ளேயே முடிந்தது. வெளியிலிருந்து ஒரு மென்பொருள் வர வேண்டுமானால் டிஸ்கில் எழுதி, மூன்று கையெழுத்து வாங்கி, வைரஸ் சோதனை முடித்துக் கையில் எடுத்து வர வேண்டும். உள்ளே வந்த டிஸ்க் திரும்ப வெளியே போகாது. பத்து வருடத்து டிஸ்குகள் மூலையில் இருந்த இரும்பு பீரோவில் கிடந்தன.

ஹெப்சி நின்றுகொண்டே தட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலி இருந்தது. உட்கார முடியவில்லை. நாற்பத்து மூன்று பொறியாளர்கள் எழுதுகிற நிரல் முழுவதும் ஒரே கோட் சர்வரில் இருந்தது. அதைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை செவ்வாய் மாலை பாதியில் நின்றுவிட்டது. பேக்கப்பை ஏற்றிப் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை. அதன் உரிமம் செவ்வாயோடு முடிந்திருந்தது. மேல்மாடியில் நாற்பத்து மூன்று பேரும் காலையிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை பெட்டிகள் சோதனைக்குப் போக வேண்டும்.

"அது என்னதான் சொல்றது?" என்று கேட்டார் ஸ்ரீநிவாசராகவன். திரையை அவர் பார்க்கவில்லை. ஹெப்சியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நடுவுல ஒரு பதிப்பு போட்டுட்டுத்தான் இதுக்கு வரணும்னு சொல்லுது சார். நான் ரெண்டு டிஸ்க் கேட்டேன்."

"ஒரு டிஸ்குக்கே மூணு பேர் பின்னாடி அலைஞ்சேன் நான். கடைசிப் பதிப்புன்னா அதுல எல்லாம் அடக்கம்னுதானே நினைப்போம்?"

"அடக்கம் இல்ல சார். மெயில்லயும் போட்டிருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நடந்தது நடந்தாச்சு. இப்போ என்ன பண்ணணும்?"

"எந்தப் பதிப்புன்னு தெரியணும். பாதியில நின்னதை எப்படிக் கழட்டுறதுன்னும் தெரியணும். இந்தப் பிழை எண்ணை வெளியில போய்த் தேடினா அரை மணி நேரத்துல கிடைச்சிடும்."

உள்ளே தெரிகிற எதையும் வெளியே கொண்டுபோக ஒரு படிவம் இருந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் திருப்பதி போயிருந்தார். வெள்ளிக்கிழமைதான் வருவார். ஹெப்சியின் நுழைவு அட்டையும் அதே வெள்ளிக்கிழமை முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி ஸ்ரீநிவாசராகவன் எழுதினால்தான் அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி அடுத்த ஆறு மாதத்துக்கு அவளை வைத்துக்கொள்ளும். இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் சிறுசேரியில் ஒரு நேர்காணலில், எழுதின நிரல் எதையாவது காட்டச் சொன்னார்கள். காட்ட ஒரு வரிகூட இல்லை. அவள் எழுதிய எல்லாமே இந்த அறையில் இருந்தது.

"பேப்பர் வெளியில போகக் கூடாது. அதான் ரூல்" என்றார் ஸ்ரீநிவாசராகவன். கொஞ்சம் நிறுத்தினார். "பேப்பர்தான். மத்தது உங்க சாமர்த்தியம். லஞ்சுக்குப் போய்ட்டு வாங்களேன்."

ஒப்பந்தக்காரர்கள் பேனா கொண்டுவரக் கூடாது. வாசல் பதிவேட்டில் ஒரு பேனாவைச் சணல் கயிற்றில் கட்டிவைத்திருந்தார்கள். ஹெப்சி தன் வெறும் கைகளைப் பார்த்தாள். ஸ்ரீநிவாசராகவன் சட்டைப்பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, ஏசி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பவர்போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் குர்தாவின் கையை மேலே ஏற்றினாள். இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, பதினான்கு இலக்க எண்ணையும் இரண்டு வரிப் பிழைச் செய்தியையும் எழுதினாள். தோல் நழுவியது. எட்டையும் ஆறையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு இலக்கமாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

குப்பைக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா, பரீட்சைக்குப் போறியா? பிட்டு எழுதிகினு கீற?"

"ஆமாக்கா. பெயிலானா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நல்லா எழுது. எம் பொண்ணு தொடையில எழுதினு போயி மாட்டிகினா."

பன்னிரண்டரைக்கு வாசலில் ஜீவானந்தம் லாக்கரிலிருந்து அவள் போனை எடுத்துக் கொடுத்தார். பையைத் திறந்து பார்த்தார். டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தார். உச்சி வெயிலில் முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்ததையும் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, குளுருதா?"

"உள்ள ஏசி ஜாஸ்திண்ணா."

"கீது, கீது" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஜிஎஸ்டி சாலையோரத்து டீக்கடையில் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள். கூடுவாஞ்சேரி பக்கம் போகிற பஸ்கள் நிறுத்தாமல் ஹாரன் அடித்தன. டீ ஆறிக்கொண்டிருந்தது. கையை மடியில் மறைத்து வைத்து எண்ணைப் போனில் அடித்தாள். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. வியர்வையில் ஒரு இலக்கம் கரைந்திருந்தது. அது மூன்றா எட்டா என்று தெரியவில்லை. எட்டு போட்டுப் பார்த்தாள். வந்தது. எந்தப் பதிப்பு வேண்டும், நின்றதை எப்படிக் கழற்ற வேண்டும், எந்த வரிசையில் என்று எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டீக்கடைக்காரர் படிக்கலாம். பேனா இன்னும் அவளிடம்தான் இருந்தது. இடது கையால் எழுதிப் பழக்கமில்லை. வலது முன்கையில் நான்கு வரிகள் கோணல்மாணலாக ஏறின.

திரும்பி வரும்போது ஜீவானந்தம் போனை வாங்கி லாக்கரில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆடிட்டு வராங்களாம். ரெண்டு மணிக்கு. கைய இஸ்துவுட்டுக்கோ. நான் ஒண்ணியும் பாக்கல."

"சாருக்குத் தெரியுமாண்ணா?"

"அவருக்குத் தெரியாம வருவாங்களா? நேத்தே லெட்டரு வந்துகீது."

ஹெப்சி குர்தாவின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். பிறகு உள்ளே போனாள்.

வேண்டிய பதிப்பு பீரோவிலேயே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சோதனை மெஷினுக்காக வாங்கி வந்து, அந்த மெஷின் வராமலே போனதால் உறை பிரிக்காமல் கிடந்த டிஸ்க். நூற்றுச் சொச்சம் டிஸ்குகளைத் தரையில் பரப்பிய பிறகுதான் கிடைத்தது. தேடுகையில் கன்னியம்மாவும் உட்கார்ந்து உறைகளின் மேல் எழுதியிருந்ததை உரக்கப் படித்துக் கொடுத்தாள். பெருவிரலில் காலை மை இன்னும் இருந்தது.

இரண்டு பத்துக்கு நின்றதைக் கழற்றினாள். இரண்டரைக்கு நடுப் பதிப்பை ஏற்றினாள். திரையில் சதவிகிதம் நகரத் தொடங்கியது. மேலே தகவல் போய்விட்டது போலும். மாடியில் யாரோ கைதட்டினார்கள். ஹெப்சி அன்று முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு ஸ்ரீநிவாசராகவன் தணிக்கை அதிகாரியோடு உள்ளே வந்தார். அதிகாரி அதிகம் பேசாதவர். பீரோவைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், சுவரோரமாக நின்றார். திரை நடுவில் நின்று அடுத்த கட்டளையைக் கேட்டது; ஹெப்சி அதை அடிக்க வேண்டியிருந்தது. வரிசை தப்பினால் எல்லாம் போச்சு. மனப்பாடமாக அடிக்கப் பார்த்தாள். மூன்றாவது வரியில் சந்தேகம் வந்தது. ஒரு விரலளவு மட்டும் குர்தாவின் கையை ஏற்றிப் பார்த்தாள்.

"அது என்ன கையில?" என்றார் அதிகாரி.

அவள் அந்த வரியை அடித்து முடித்துவிட்டு எழுந்தாள். இரண்டு கைகளையும் முழங்கை வரை ஏற்றச் சொன்னார். ஏற்றினாள்.

"இது உள்ள இருந்து வெளிய போனதா, வெளிய இருந்து உள்ள வந்ததா?"

"இடது கை போனது. வலது கை வந்தது."

"பேனா யாருது?"

ஹெப்சி ஸ்ரீநிவாசராகவனைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு சதவிகிதம்.

"சாரோடது."

"ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடக் குடுத்தேன்" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "திருப்பி வாங்க மறந்துட்டேன். அது என் தப்புதான்."

"எழுதச் சொன்னீங்களா?"

"ரூல் என்னன்னு சொன்னேன். பேப்பர் வெளியில போகக் கூடாதுன்னு தெளிவா சொன்னேன். கேளுங்க அவங்களை."

"சொன்னார்" என்றாள் ஹெப்சி.

அதிகாரி கன்னியம்மா பக்கம் திரும்பினார். "நீ இங்கதானே இருந்தே? என்ன பாத்தே?"

"நான் கண்ணாடி போடல சார். வாளியே ரெண்டாத் தெரியுது."

அறிக்கை நாலரைக்குள் தயாராகிவிட்டது. நுழைவு அட்டை ரத்து. ரத்துக்கான காரணம் ஏஜென்சிக்குப் போகும். அங்கிருந்து இதே மாதிரி யூனிட்டுகள் எல்லாவற்றுக்கும் போகும். மேற்பார்வை அதிகாரியின் கையெழுத்துக்கான இடத்தில் ஸ்ரீநிவாசராகவன் கையெழுத்துப் போட்டார். பேனா அவருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

கையில் எழுத்து இருக்கிற வரை வெளியே விட முடியாது என்றார்கள். கழிவறையில் கன்னியம்மா பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கொடுத்தாள். ஹெப்சி தேய்த்தாள். மை போகவில்லை, தோல் சிவந்தது. சோப்புத் தூளைக் கொட்டி மறுபடி தேய்த்தாள். எண்கள் போய், இரண்டு கைகளிலும் புல் நசுங்கியதுபோல ஒரு கறை மட்டும் மிஞ்சியது. வாஷ்பேசினில் பச்சைத் தண்ணீர் சுழன்று இறங்கியது.

"தேங்காண்ணெய் தடவு, ராத்திரி" என்றாள் கன்னியம்மா. பிறகு, "இப்ப அந்த மெஷினை யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டாள்.

"அது தானா ஓடும்க்கா. முடியற வரைக்கும்."

வாசலில் ஜீவானந்தம் கதவில் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். பசை இன்னும் ஈரமாக இருந்தது. இன்று முதல் ஒப்பந்தப் பணியாளர்கள் நுழையும்போதும் வெளியேறும்போதும் இரு கைகளையும் முழங்கை வரை விரித்துக் காட்ட வேண்டும். அவள் காட்டினாள். அவர் சரியாகப் பார்க்காமலே பதிவேட்டில் நேரம் எழுதினார். ஐந்து ஐந்து. போனைக் கொடுத்தார். அட்டையை வாங்கி, அதிகாரி சொன்னபடி கத்தரியால் இரண்டாக வெட்டினார். வெட்டிய துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒப்பந்தம்தாம்மா" என்றார்.

"தெரியும்ணா."

அவள் வெளிப்படியில் இறங்கியபோது பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டது. ஸ்ரீநிவாசராகவன். மூச்சு வாங்கியது.

"ஹெப்சி, ஒரு நிமிஷம். அது எழுபது வந்துடுத்து. முடிஞ்சதும் ஏதோ கேக்குமாமே. எஸ்ஸா, நோவா? மேல யாருக்கும் தெரியலை."

அவள் சாலையைப் பார்த்தாள். ஸ்டேஷனுக்குப் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று நிற்காமல் போனது.

"நோ" என்றாள். "நோ குடுத்துட்டு, வேற கட்டளை ஒண்ணு அடிக்கணும். அப்புறம்தான் கடைசிப் பதிப்பு. எஸ் குடுத்தா நாலு வருஷத்து கோட் போயிடும்."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"என் என்ட்ரி பாஸ், சார்?"

"அதை வெள்ளிக்கிழமை பாக்கலாம். நான் பேசறேன். முதல்ல இது முடியட்டும். திங்கட்கிழமை டெலிவரி, உங்களுக்கே தெரியும்."

ஜீவானந்தம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஹெப்சி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். கறையில் எழுத்து எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது வரி, டீக்கடை பெஞ்சில் கோணலாக ஏறிய வரி, அப்படியே வந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எங்கே இடைவெளி, எங்கே இரண்டு கோடு என்று சொன்னாள்.

ஸ்ரீநிவாசராகவன் சட்டைப்பையைத் தடவினார். காகிதம் இல்லை. பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, இடது உள்ளங்கையில் எழுதினார். ஒரு தடவை சரியா என்று படித்துக் காட்டினார்.

"சரி" என்றாள்.

அவர் விரல்களை மடக்கிக்கொண்டு படியேறினார். ஜீவானந்தம் எழுந்து நின்று கதவைத் திறந்தார். பசை காயாத தாளை உரசாமல் ஒதுங்கி அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. ஜீவானந்தம் தாழ்ப்பாளைப் போட்டுச் சாவியைத் திருப்பினார்.