கடைசி டோக்கன்

களமருதூர்ப் பக்கம் ஏரி உடைந்துவிட்டது என்ற செய்தி சங்கராபுரத்துக்கு வந்தபோது, இசைவாணி மருந்துக்கடையில் யாருக்கோ சர்க்கரை மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். பெயரைக் கேட்டதும் அவளுக்குள் முதலில் எழுந்தது இரக்கம் இல்லை. அந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் போயிருக்குமா என்றுதான் மனம் கேட்டது. போயிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. அன்று மாலை ‘கைகொடுப்போம்’ குழுவின் கூட்டத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தவளும் அவள்தான்.

அந்த ஊரில் அவள் நான்கு வருடம் வாழ்ந்திருக்கிறாள். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், புருஷன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்தான். காரியம் முடிந்த மறுநாள் மாமியார் செல்லியம்மாள் அவளுடைய பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு, இரும்புக் கேட்டை உள்பக்கமாகத் தாழ் போட்டாள். “என் புள்ளைய முழுங்கினவ இந்த வூட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அண்ணன் வண்டி பிடித்துக்கொண்டு வரும்வரை இசைவாணி அந்தக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை. யாரும் கிட்டே வரவில்லை. பெரிய வீட்டுப் பகை யாருக்கு வேண்டும்?

அழுது தீர்த்திருந்தால் அந்த மூன்று மணி நேரம் கரைந்து போயிருக்கும். அவள் அழவில்லை. அதனால் அது கெட்டியாகி உள்ளேயே தங்கிவிட்டது. கடையில், பஸ்ஸில், சில நாள் பல் தேய்க்கும்போதுகூட, செல்லியம்மாள் அதே தெருவில் ஊர் பார்க்க நிற்பதை அவள் நினைத்துப் பார்த்துக்கொள்வாள். அப்போது மனதுக்கு இதமாக இருக்கும். அந்த இதத்துக்காகத் தன்மேல் வெட்கப்பட்டதும் உண்டு. வெட்கம் ஒருநாளும் அதைத் தடுக்கவில்லை.

நிவாரணம் திரட்டும் வேலையில் அவளைப்போல் ஓடியவர் இல்லை. குழுவில் இருந்த ஜெஸியைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்கு ஏறினாள். வெள்ளிமலையில் மைக் பிடித்துப் பேசினாள். கையில் காசில்லாத மலைச் சனங்கள் சாமையும் மரவள்ளிக் கிழங்கும் மூட்டை மூட்டையாகத் தூக்கிவந்து கொட்டினார்கள். ஜெஸிக்குக் கண் கலங்கியது. “அக்கா, நீங்க பேசினா கல்லும் கரையும்” என்றாள். இசைவாணி சிரித்துவைத்தாள். எதை நினைத்துக்கொண்டு பேசினோம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. முன்னொரு வெள்ளத்தில் ஆண்கள் நிவாரணப் பையை வாங்கிப்போய் நேராகச் சாராயத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து டோக்கன் குடும்பத் தலைவியின் பெயரில்தான், பையும் அவள் கையில்தான். நாளடைவில் விதி தளர்ந்துபோயிருந்தது. இந்தத் தடவை அதைக் கறாராகப் பிடிக்க வேண்டும் என்று கூட்டத்தில் இசைவாணி சொன்னாள். தண்ணீர் கழுத்துவரை நின்ற கீழத்தெருவுக்கு முதல் டோக்கன், மேட்டுத்தெருவுக்குக் கடைசி என்றும் சொன்னாள்.

“இதான் நியாயம்” என்றார் குழுத் தலைவர் ராபின். பள்ளிக்கூட வாத்தியார். “நீயே லிஸ்ட் போட்டுடும்மா.”

போட்டாள். மொத்தம் நூற்று நாற்பத்தாறு டோக்கன். நூற்று நாற்பத்தாறாவது பெயர் செல்லியம்மாள். ஒருத்தருக்கு ஒன்றேகால் நிமிடம் என்று வைத்தால் மூன்று மணி நேரம் ஆகும். யாராலும் குறை சொல்ல முடியாத ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டே அவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். டோக்கன் கொடுக்க வீடுவீடாகப் போகும் வேலையை ஜெஸியிடம் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டி வாசலில் குட்டி யானை வண்டியை நிறுத்தி மேஜை போட்டார்கள். தெருவில் இன்னும் சேறு நாறியது. வரிசையில் முதல் ஆளாக நின்ற கீழத்தெரு பாப்பாத்தி இசைவாணியைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

“அய்ய, இது நம்ம பெரிய வூட்டு மருமவ இல்ல? இன்னாம்மா, எப்டி கீற? எளச்சிப் போயிட்டியே!”

“நல்லா இருக்கேன். இங்க ரேகை வைங்க.”

“எங்களுக்குக் குடுக்கத்தான் வந்துகீறியா, இல்ல அந்தம்மாவுக்குக் குடுக்க வந்தியா?” என்று பாப்பாத்தி கண்ணைச் சிமிட்டினாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இசைவாணிக்குக் காது சுட்டது.

சிறிது நேரத்தில் செல்லியம்மாள் வீட்டுப் பண்ணையாள் கந்தசாமி டோக்கனோடு வந்து தலையைச் சொறிந்தான். மேட்டுத்தெருக்காரர்கள் எதற்கும் வரிசையில் நிற்பதில்லை. ரேஷன் கடைக்கும் ஆள்தான் அனுப்புவார்கள்.

“பெரியம்மா அனுப்புனாங்க.”

“குடும்பத் தலைவி நேர்ல வரணும், அண்ணே. இல்லேன்னா பை கெடையாது.”

“அவங்களுக்குக் காலு வீங்கிப் போய்க் கெடக்குதும்மா. பின்கட்டுச் செவுரு வேற சாஞ்சிடுச்சி. ரெண்டு நாளா அடுப்பே பத்தல.”

“எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

அவன் போனான். பதினொரு மணிக்குச் செல்லியம்மாள் வந்தாள். இசைவாணி மனதில் வைத்திருந்த உருவத்தில் பாதிதான் இருந்தாள். வெள்ளை முடி, சேறு காய்ந்த புடவை ஓரம், பானைபோல் வீங்கிய கணுக்கால். மேஜைப் பக்கம் பார்த்தாள். பார்த்த பார்வை ஒரு கணம் நின்றது. பிறகு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

இசைவாணி எண்களைக் கூப்பிட்டாள். பைகளை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு பைக்கும் ஒருமுறை வரிசையின் வாலைப் பார்த்துக்கொண்டாள். வெயில் ஏறியது. செல்லியம்மாள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள். நினைத்து நினைத்துப் பார்த்த காட்சி கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. இதோ, இதுதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பன்னிரண்டரை மணிக்குப் பாப்பாத்தி எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் பையை வாங்கியும் வீட்டுக்குப் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள்.

“ஏம்மா, வயசானவங்கள முன்னாடி உட்டுட்டா இன்னா? எங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

“நம்பர்படிதான்” என்றாள் இசைவாணி.

“அப்ப குந்தவாச்சும் உடு.”

“குந்தட்டும். நான் வேணாங்கல.”

பாப்பாத்தி நாற்காலியைச் செல்லியம்மாளுக்குப் பின்னால் போட்டாள். கிழவி அதைக் கையால் தள்ளிவிட்டாள்.

“எடுத்துகினு போடி. நான் நிக்கிறேன்.”

இசைவாணிக்கு முதல் தடவையாக உள்ளே ஏதோ இடறியது. கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தாள், இல்லாவிட்டால் சாபம் விடுவாள் என்று. இரண்டும் இல்லை. கிழவி நிமிர்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று ஐம்பதுக்கு வரிசை தீர்ந்தது. செல்லியம்மாள் ஒருத்தி மட்டும் மேஜைக்கு முன்னால் நின்றாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. டிரைவர் அன்புச்செல்வன் அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று ஹாரன் அடித்தான்.

“நூத்தி நாப்பத்தாறு” என்றாள் இசைவாணி.

செல்லியம்மாள் டோக்கனை நீட்டவில்லை. பால் சொசைட்டிச் சுவரில் இருந்த கடிகாரத்தைத் தலையால் காட்டினாள்.

“இன்னும் பத்து நிமிசம் இருக்குது.”

“இன்னா?”

“ரெண்டு மணிக்குத்தான் ஒங்க அண்ணன் வந்தான். உள்ள கடியாரத்த பாத்துகினேதான் குந்திகினு இருந்தேன்.” மூச்சு வாங்கினாள். “முழுசா நின்னுட்டே வாங்கிக்கிறேன்.”

இசைவாணியின் கை பையின்மேல் இருந்தது. இந்த இடத்தில் பையைக் கொடுத்திருக்கலாம். போதும் போங்க என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லக்கூடிய ஒருத்தி தனக்குள் இருக்கிறாளா என்று உண்மையாகவே தேடிப் பார்த்தாள். இல்லை. பதிவேட்டை மூடினாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சரி” என்றாள். “நில்லுங்க.”

கிழவி பத்து நிமிடமும் நின்றாள். பாப்பாத்தி முனகிக்கொண்டு போய்விட்டாள். ஹாரன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. நேரம் ஆக ஆக இசைவாணிக்குள் இருந்த சூடு குறையவில்லை, ஆனால் அதில் இருந்த ருசி போய்க்கொண்டிருந்தது. அவள் பறித்துக்கொள்ள வந்தாள். இந்தக் கிழவியோ தானாக அளந்து கொடுக்கிறாள். எவ்வளவு என்பதையும் அவளே முடிவு செய்கிறாள். காலையிலிருந்து நூற்று நாற்பத்தைந்து பெண்கள் இந்த மேஜைக்கு முன்னால், இன்னொருத்தர் தீர்மானித்ததைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது கை நீட்டிக்கொண்டு இருப்பது யார்?

இரண்டு மணிக்குச் செல்லியம்மாள் ரேகை வைத்தாள். கந்தசாமி பையைத் தூக்கிக்கொண்டான்.

“பத்துச்சா?” என்றாள் கிழவி.

“பத்தல.”

“பத்தாதுதான்” என்றாள் செல்லியம்மாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியில் ராபின் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “பழசு எதையும் மனசுல வச்சிக்காம, ஒரே சட்டம்னு நின்ன பாரு. எனக்குப் பெருமையா இருக்குதும்மா” என்றார். இசைவாணி தண்ணீரை வாங்கி, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த வாரம் போர்வ குடுக்க வருவோமில்ல, சார்?”

“ஆமா.”

“அப்பவும் இந்த ஊருக்கு என்னையே போடுங்க.”