பாட்டரி தீர்ந்த ஆகஸ்ட் ஒன்பது

நாட்காட்டியில் ஆகஸ்ட் ஒன்பதைப் பார்த்தாலே கிருஷ்ணப்பன் இன்றும் அந்தத் தாளை அவசரமாகக் கிழித்துவிடுவான். 1957இல் அதே தேதி மாலையில்தான் அவன் ஊர் சென்னப்பன் முதன்முதலாக ரேடியோவில் நாயனம் வாசித்தான். வேப்பனப்பள்ளிப் பக்கத்து அந்தச் சின்ன ஊரே பஞ்சாயத்து ரேடியோ முன்னால் கூடியிருந்தது. முதல் வரிசையில் சென்னப்பனின் அம்மா மாதம்மாள்.

ரேடியோ அறையின் சாவி கிருஷ்ணப்பனிடம் இருந்தது. தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு சினிமாப் பாட்டுக் கேட்டே பாட்டரியைத் தீர்த்திருந்த மகானுபாவன் அவன். தெரிந்தால் ஊர் தோலை உரித்துவிடும்.

நாயனம் தொடங்கியது. கொஞ்ச நேரத்திலேயே சத்தம் கொசு ரீங்காரமாக இளைத்தது. கிருஷ்ணப்பன் பெட்டியைத் தடவினான், கும்பிட்டான், மனசுக்குள் தன்னையே செருப்பால் அடித்துக்கொண்டான். ஆலாபனை பாதியில் அடங்கிப்போனது.

"ஏம்ப்பா, என்னாச்சு?" பஞ்சாயத்துத் தலைவர் வெங்கடப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். ஓடலாமென்றால் வாசலை ஊரே அடைத்திருந்தது.

மாதம்மாள் கையைத் தட்டினாள். "முடிஞ்சிருச்சு! என் மவன் நல்லா வாசிச்சான். எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

கூட்டம் கலைந்ததும் அவள் ஊமைப் பெட்டியில் ஒருமுறை காதை வைத்துப் பார்த்தாள்.

"அத்தே..." என்று கிருஷ்ணப்பன் அழப்போனான்.

"கம்முனு இரு. தெனம் மத்தியானம் செவுத்துக்கு அந்தாண்ட குந்திக்கிட்டு நானுந்தானே பாட்டுக் கேட்டேன்."